ராகம் தனியாக அழுவதில்லை

மோகனத்தில் ஐந்து சுரங்கள்: ஸ, ரி, க, ப, த. இவற்றில் காந்தாரத்தை மட்டும் அரைச்சுரம் கீழே இறக்கினால் சிவரஞ்சனி பிறந்துவிடுகிறது. ஒரு கட்டை சுருதியில் ஹார்மோனியம் வாசிப்பவர் ஒரு வெள்ளைக் கட்டையை விட்டுவிட்டு அதை ஒட்டிய கறுப்புக் கட்டையைத் தொடுகிறார், அவ்வளவுதான். ஆதார ஷட்ஜம் நொடிக்கு 240 அதிர்வுகள் என்று கணக்குக்கு வசதியாக வைத்துக்கொண்டால், மோகனத்தின் அந்தர காந்தாரம் 300 அதிர்வுகளில் நிற்கும். சிவரஞ்சனியின் சாதாரண காந்தாரம் 288-ல் நிற்கும். வெறும் 12 அதிர்வுகள்தான் வித்தியாசம். ஆனால் முன்னதைக் கேட்டால் முகம் மலர்கிறது, பின்னதைக் கேட்டால் நெஞ்சு உருகுகிறது என்று நம் ஊரில் பாட்டுக் கேட்டுப் பழகிய எவரும் சொல்வார். இந்த அனுபவத்திலிருந்து ஒரு முடிவுக்குப் போவது மிக எளிது: உணர்ச்சி சுரத்துக்குள்ளேயே இருக்கிறது, இன்ன ராகம் என்றால் இன்ன உணர்ச்சி. இந்த எண்ணத்துக்கு நீண்ட மரபும் உண்டு. நாட்டிய சாஸ்திரம் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் கருணைச் சுவைக்கு உரியவை என்று வகுத்தது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணையின் கருப்பொருளிலும் பறையையும் யாழையும் சேர்த்தது. விளரிப்பண் நெய்தலின் இரங்கலுக்கு உரியதாயிற்று. இந்த மரபின் நுண்ணுணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் அதிலிருந்து நாம் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் எளிய சூத்திரம் பிழையானது. ஒரு பாட்டின் மனநிலையில் ராகத்தின் பங்கு உண்மையானது. ஆனால் அது இரண்டாவது பங்கு. முதல் பங்கு வேகத்துக்கும், ஒலியின் அளவுக்கும், குரலின் உயரத்துக்கும், நாதத்தின் தன்மைக்கும் போகிறது.

சுரமே உணர்ச்சி என்பது சரியானால், சாதாரண காந்தாரம் வரும் இடமெல்லாம் சோகம் வர வேண்டும். வருவதில்லை. சுத்த தன்யாசியில் இருப்பது அதே சாதாரண காந்தாரம்தான். அந்த ராகம் கச்சேரியில் விறுவிறுப்பும் பளிச்சென்ற ஒளியும் கொண்டு நடக்கும். பைரவியிலும் அதே காந்தாரம். அங்கே கிடைப்பது கம்பீரம். மறுபக்கம் நீலாம்பரியைப் பாருங்கள். சங்கராபரணத்தின் பிள்ளையான அதில் இருப்பது மோகனத்தின் அந்தர காந்தாரம். துள்ளலுக்குப் பதிலாக அது தூக்கத்தை அழைக்கிறது. தாலாட்டு ராகம் என்றே பெயர் வாங்கிவிட்டது. சிவரஞ்சனியிலேயே தபலாவும் டோலக்கும் சேர்ந்து துள்ளும் சினிமாப் பாட்டுகள் உண்டு. அவற்றைக் கேட்டு யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வதில்லை. இவற்றை விதிவிலக்குகள் என்று ஒதுக்கிவிட முடியாது. விதிவிலக்குகள் இத்தனை சேர்ந்தால், விதியைத்தான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அப்படித் திரும்பிப் பார்த்தவர்களில் முன்னோடி, அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் கேட் ஹெவ்னர். 1930-களில் அவர் செய்த சோதனைகளின் அழகு அவற்றின் எளிமையில் இருக்கிறது. ஒரு இசைத்துண்டை எடுத்துக்கொள்வார். அதில் ஒரே ஒரு அம்சத்தை மட்டும் மாற்றி இன்னொரு வடிவம் செய்வார். ஒன்று வேகம், மற்றது விளம்பம். ஒன்று மேற்கத்திய இசையின் மேஜர் அமைப்பில், மற்றது மைனரில். நம் கணக்கில் இது பெரும்பாலும் அந்தர காந்தாரத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள வேறுபாடுதான். ஒன்று மேல் ஸ்தாயியில், மற்றது கீழே. ஒன்றில் மெட்டு ஏறுகிறது, மற்றதில் இறங்குகிறது. கேட்பவர்களிடம் உணர்ச்சிச் சொற்கள் எட்டுக் குழுக்களாக வட்டமாக அடுக்கிய பட்டியல் ஒன்றைக் கொடுத்து, பொருந்தும் சொற்களைக் குறிக்கச் சொன்னார். முடிவு தெளிவாக வந்தது. கேட்பவரின் தீர்ப்பை அதிகம் புரட்டிப்போட்டது வேகம். மேஜர், மைனர் வேறுபாட்டுக்கு அடுத்த இடம். மகிழ்ச்சியா துயரமா என்ற ஒரு கேள்வியில் அதன் குரல் பலமாகவே ஒலித்தது. ஸ்தாயி உயர்ந்தால் விளையாட்டுத்தனமும், தாழ்ந்தால் கனமும் சோகமும் வந்தன. ஏறும் மெட்டு உற்சாகம், இறங்கும் மெட்டு சோர்வு என்று பலரும் நம்பியதற்கு அநேகமாக எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. பின்னர் வந்த ஆய்வுகள் கருவிகளைக் கூர்மைப்படுத்தின. ஆனால் அவற்றிலும் வேகம் முன்வரிசை அடையாளங்களில் ஒன்றாகவே நின்றது.

இதைவிட ஆழமான சான்று குழந்தைகளிடமிருந்து கிடைக்கிறது. கனடாவின் மான்ட்ரியலில் நடந்து 2001-ல் வெளியான ஆய்வு ஒன்றில், சிறு குழந்தைகளுக்கு இசைத்துண்டுகளைப் போட்டுக் காட்டி, சிரிக்கும் முகம், அழும் முகம் இரண்டில் எது பொருந்தும் என்று கேட்டார்கள். வேகத்தையும் சுர அமைப்பையும் தனித்தனியாக மாற்றிப் பார்த்தார்கள். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஐந்து வயதில் குழந்தைகள் வேகத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள். சுர அமைப்பு மாறியது அவர்கள் தீர்ப்பைத் தொடவில்லை. ஆறு முதல் எட்டு வயதுக்குள்தான் பெரியவர்களைப் போல இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஒரு குழந்தை ஐந்து வயதுக்குள் தாய்மொழியைச் சரளமாகப் பேசிவிடுகிறது. அந்த வயதிலும் மைனர் சுரத்தில் சோகம் கேட்கவில்லை என்றால், அந்தச் சோகம் காதோடு பிறந்து வந்ததாக இருக்க முடியாது. அது ஊரும் வீடும் வானொலியும் சினிமாவும் காதுக்குக் கற்றுக்கொடுத்த பாடம்.

வேகத்துக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? விடை நம் உடம்பிலும் தொண்டையிலும் இருக்கிறது. துயரத்தில் சோர்ந்தவரின் தசைகள் தளர்கின்றன. மூச்சின் அழுத்தம் குறைவதால் குரல் தணிகிறது. குரல்நாண்களை இழுத்துப் பிடிக்கும் தசையும் தளர்வதால் சுருதி இறங்குகிறது. நாக்கும் உதடும் மெதுவாக அசைவதால் பேச்சு இழுபடுகிறது, ஏற்ற இறக்கம் சுருங்குகிறது. குரலில் கூர்மையைத் தரும் மேல்சுர அதிர்வுகள் மங்குவதால் நாதம் மந்தமாகிறது. மகிழ்ச்சியில் இவை எல்லாம் தலைகீழாகின்றன. இந்த வேறுபாடுகளை எந்த மொழியும் நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. அடுத்த அறையில் பேசுபவரின் சொல் புரியாவிட்டாலும் அவர் சோர்ந்திருக்கிறாரா, குதூகலமாக இருக்கிறாரா என்று தெரிந்துவிடுகிறது. ஸ்வீடனின் பாட்ரிக் யூஸ்லினும் பெட்ரி லௌக்காவும் 2003-ல், பேச்சுக்குரல் பற்றிய 104 ஆய்வுகளையும் இசை நிகழ்த்தல் பற்றிய 41 ஆய்வுகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தார்கள். கோபம், மகிழ்ச்சி, துயரம், அச்சம், கனிவு ஆகியவற்றைக் குரல் எந்த அடையாளங்களால் வெளிப்படுத்துகிறதோ, ஏறத்தாழ அதே அடையாளங்களால்தான் இசைக் கலைஞரும் வெளிப்படுத்துகிறார் என்று கண்டார்கள்.

இந்த வாதத்துக்கு நம் மொழியிலிருந்தே ஒரு சான்று உண்டு; தமிழ் வாசகர்கள் அதை அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டேனியல் பவ்லிங்கும் சகாக்களும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பக்கம் மேற்கத்திய இசையையும் அமெரிக்க ஆங்கிலப் பேச்சையும், மறுபக்கம் கர்நாடக இசையையும் தமிழ்ப் பேச்சையும் வைத்து அளந்தார்கள். உற்சாகமான உணர்ச்சிக்கு உரியதாகக் கருதப்படும் இசையில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தாவும் தூரம் அதிகம். துயரத்துக்கு உரியதில் அந்தத் தாவல் குறைவு. கர்நாடக இசையிலும் அப்படியே, மேற்கத்திய இசையிலும் அப்படியே. இரண்டு மொழிப் பேச்சிலும் அதே பாங்கு தெரிந்தது: உற்சாகமாகப் பேசும்போது சுருதி பெரிய அடிகளாகத் தாவுகிறது, சோர்ந்து பேசும்போது சிறு அடிகளாக நகர்கிறது. ஆங்கிலமும் தமிழும் வேறு வேறு குடும்பத்து மொழிகள். இரண்டு இசை மரபுகளும் பெரும்பாலும் தொடர்பின்றி வளர்ந்தவை. அவை ஒரே திசையைக் காட்டுகின்றன என்றால், இரண்டுக்கும் பொதுவாக இருப்பது மனிதத் தொண்டை.

தமிழ் சினிமா இந்தச் சோதனையைத் தன் போக்கில் பல பத்தாண்டுகளாகச் செய்து வந்திருக்கிறது. ஒரே மெட்டு படத்தின் முற்பகுதியில் மகிழ்ச்சிப் பாட்டாக வரும். பிற்பகுதியில் சோகப் பாட்டாகத் திரும்பும். ராகம் மாறவில்லை, சுரங்கள் மாறவில்லை. இசையமைப்பாளர் காலப்பிரமாணத்தைக் குறைக்கிறார். தாளக் கருவிகளை எடுத்துவிடுகிறார் அல்லது தூரத்துக்குத் தள்ளுகிறார். பாடகர் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கார்வையை நீட்டி, குரலை அடக்கி, மூச்சு கேட்கும்படி பாடுகிறார். கிட்டாரும் பாங்கோஸும் இருந்த இடத்தில் ஷெனாயோ ஒற்றை வயலினோ வந்து உட்காருகிறது. இந்தக் கடைசி மாற்றமும் சும்மா அலங்காரம் அல்ல. ஒரே மெட்டை வெவ்வேறு கருவிகளில் வாசித்துக் கேட்கவைத்த 2009-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, கருவியின் நாதம் மட்டுமே உணர்ச்சித் தீர்ப்பை மாற்றப் போதுமானது என்று காட்டியது. ஒரு சொல்கூட மாறாமல் பாட்டு அழத் தொடங்குவதை அரங்கம் நிறைந்த மக்கள் கேட்டு ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். மெல்லிசை மேடையில் வளர்ந்த வாத்தியக் கலைஞர்களுக்கு இந்த அறிவு கைப்பழக்கமாகவே இருக்கிறது. உணர்ச்சியை ராகத்துக்குள் மட்டும் தேடும் நூல்கள் அவர்களிடம் கேட்டிருந்தால் நிறையக் கற்றிருக்கும்.

ராகப் பக்கத்தார் இங்கே ஒரு நியாயமான மறுப்பை எழுப்பலாம். சுர அமைப்பின் உணர்ச்சி கற்றுக்கொண்டது என்றால், மேற்கத்திய இசையைக் கேட்டே இராத மக்களுக்கு அது தெரியக்கூடாது அல்லவா? 2009-ல் தாமஸ் ஃபிரிட்ஸும் சகாக்களும் கேமரூன் நாட்டின் மந்தாரா மலைப்பகுதியில் வாழும் மஃபா மக்களுக்கு மேற்கத்திய பியானோத் துண்டுகளைப் போட்டுக் காட்டியபோது, மகிழ்ச்சி, துயரம், அச்சம் மூன்றையும் அவர்கள் தற்செயலுக்கு மேலான அளவில் அடையாளம் கண்டார்கள். அதில் வேகம் அவர்களுக்கு முக்கிய வழிகாட்டியாக இருந்தது. சுர அமைப்பும் ஓரளவு ஒத்துப்போனது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அந்தத் துண்டுகளில் வேகமும் சுர அமைப்பும் சேர்ந்தே வந்தன என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் நோக்கில் பாப்புவா நியூ கினியின் உருவா பள்ளத்தாக்குக் கிராமங்களில் ஒரு ஆய்வு நடந்தது. 2022-ல் வெளியான அதன் முடிவுப்படி, மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் துயரம் என்ற தொடர்பு மனிதர் எல்லோருக்கும் பொதுவானது என்பதற்குச் சொல்லிக்கொள்ளும்படியான ஆதாரம் இல்லை. மேற்கத்திய இசையில் ஊறிய சிட்னி நகரத்துக் காதுகளில் அந்தத் தொடர்பு அழுத்தமாகத் தெரிந்தது. மான்ட்ரியல், மந்தாரா, உருவா மூன்றையும் அருகருகே வைத்தால் என் பக்கமே எடை கூடுகிறது.

அப்படியானால் ராகத்துக்கு என்ன வேலை? இங்கேதான் விஷயம் சுவையாகிறது. டொராண்டோவில் லாரா-லீ பால்க்வில்லும் வில்லியம் தாம்சனும் 1999-ல் ஒரு சோதனை செய்தார்கள். மகிழ்ச்சி, துயரம், கோபம், சாந்தம் என்று மரபு வகுத்த இந்துஸ்தானி ராகங்களை, அந்த இசையோடு பழக்கமே இல்லாதவர்களுக்குக் கேட்கவைத்தார்கள். மகிழ்ச்சியையும் துயரத்தையும் கோபத்தையும் அவர்கள் சரியாகச் சொல்லிவிட்டார்கள். சாந்தத்தில் மட்டும் தடுமாறினார்கள். ஏன் என்பது யோசித்தால் விளங்கும். சாந்தமும் துயரமும் வெளித்தோற்றத்தில் ஒன்றே: இரண்டும் மெதுவானவை, இரண்டும் தணிந்த குரலில் பேசுபவை. வேகமும் ஒலியளவும் ஸ்தாயியும் ஒரு பாட்டில் எவ்வளவு துடிப்பு இருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். அது எந்த ஊர்க் காதுக்கும் புரியும். துடிப்புக் குறைந்த ஒரு பாட்டு நிம்மதியில் இளைப்பாறுகிறதா, இழப்பில் துவண்டிருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல அவை போதாது. அந்தப் பிரிவினையைச் செய்வதுதான் ராகம். நீலாம்பரியும் முகாரியும் ஒரே மந்த நடையில், ஒரே தணிந்த குரலில் பாடப்பட்டாலும், நம் மரபில் வளர்ந்தவருக்கு ஒன்று தொட்டிலாகவும் மற்றொன்று புலம்பலாகவும் கேட்கிறது. இது சுரத்தால் மட்டும் நடப்பதும் இல்லை. தோடியின் காந்தாரமும் கரகரப்பிரியாவின் காந்தாரமும் பெயரளவில் ஒரே சாதாரண காந்தாரம். தோடியில் அது அண்டைச் சுரங்களைத் தொட்டுத் தொட்டு ஊசலாடுவதால் வேறொரு உயிராகிவிடுகிறது. எந்த இடத்தில் நிற்பது, எவ்வளவு அசைப்பது, எங்கிருந்து வந்து சேர்வது என்ற கமக வழக்குகள்தான் ராகத்தின் உடம்பு. அது தலைமுறைகள் சேர்த்த மொழி. கற்றுக்கொண்டது என்பதால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. தமிழும் நாம் கற்றுக்கொண்டதுதான்.

இன்னொரு மறுப்பு நம் கிராமத்துத் தெருவிலிருந்தே வருகிறது, இதுதான் எனக்குக் கடினமாகத் தோன்றுவது. துயரம் மெதுவானது, தணிந்தது என்கிறீர்களே, ஒப்பாரி அப்படியா இருக்கிறது? உச்சக் குரலில் எடுத்து, வரி முடிவில் குரல் உடைந்து சரியும் பாட்டு அது. அதே சாவு வீட்டு வாசலில் பறை அதிவேகமாக முழங்குகிறது, இளைஞர்கள் ஆடுகிறார்கள். இரண்டும் என் வாதத்தைக் குலைப்பவை போலத் தெரிகின்றன. முதலாவதற்கு விடை, துயரம் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள் இரண்டு நிலைகள் இருப்பது. ஒன்று சோர்வு, அது வாயை மூடிக்கொள்கிறது. மற்றொன்று கதறல், அது சுற்றி இருப்பவரை அழைக்கிறது. இசை உளவியலாளர் டேவிட் ஹியூரன் இந்த இரண்டையும் கவனமாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். கதறலில் உடம்பு தளர்வதில்லை, முறுக்கேறுகிறது; ஆகவே குரல் உயர்வதும் உடைவதும் உடம்பின் கணக்குப்படியே நடக்கின்றன. ஒப்பாரி கதறலின் இசை. பிரேசிலின் பூர்வகுடிகளிடம் சடங்குப் புலம்பலை ஆராய்ந்த கிரெக் அர்பனும் 1988-ல் இதே அடையாளங்களைத்தான் பட்டியலிட்டார்: விம்மலில் உடையும் குரல், ஒலியோடு இழுக்கும் மூச்சு, மெலிந்து மேலேறும் உயிரெழுத்துகள். பறையைப் பொறுத்தவரை, சாவு வீட்டில் ஒலிப்பதாலேயே அது சோகத்தைச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்வது தவறு. இறந்தவரை ஊரறிய, மரியாதையோடு அனுப்பிவைக்கும் வேலை பறையுடையது. அழும் வேலை ஒப்பாரியுடையது. பறை தன் வேகத்தால் கால்களுக்குத் துடிப்பைக் கொடுக்கிறது, கால்கள் அதை ஏற்று ஆடுகின்றன. சந்தர்ப்பத்தின் துயரத்தால்கூட அடக்க முடியாதபடி வேகத்தின் பிடி இருக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பாட்டின் சொற்களும், கேட்பவரின் நினைவுகளும் உணர்ச்சியைத் தீர்மானிப்பதில்லையா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் போதும். தீர்மானிக்கின்றன. கல்யாணத்தில் ஒலித்த ஒரு துள்ளல் பாட்டு, அந்தக் கல்யாணத்தின் மனிதர் மறைந்தபின் கண்ணீரை வரவழைக்கும். ஆனால் அப்படிக் கண்ணீர் விடுபவரும் அதைத் துள்ளல் பாட்டு என்றுதான் சொல்வார். பாட்டில் இருக்கும் உணர்ச்சியை அடையாளம் காண்பதும், அதைக் கேட்டுத் தனக்குள் எழும் உணர்ச்சியும் வேறு வேறு. சோகப் பாட்டைத் தேடிப் போய்க் கேட்டு நாம் இன்பம் அடைவதும் இந்த வேறுபாட்டால்தான் முடிகிறது. நான் பேசிக்கொண்டிருப்பது முன்னதைப் பற்றி.

ராகத்தின் பங்கையும் வேகத்தின் பங்கையும் பிரித்துப் பார்ப்பது நடைமுறையில் ஏன் முக்கியம் என்றால், இன்ன ராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்ற பட்டியல்கள் இன்று தமிழ் வீடுகளுக்குள் தாராளமாகப் புழங்குகின்றன. ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, தூக்கமின்மைக்கு ஒன்று, வயிற்றுவலிக்கு ஒன்று. ராகத்தின் பலன் என்று ஒன்றை நிறுவ வேண்டுமானால், வேகம், ஒலியளவு, ஸ்தாயி, குரல் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ராகத்தை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஹெவ்னர் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டிய ஒழுங்கு அது. பட்டியல் போடுபவர்கள் அதைச் செய்து காட்டுவதில்லை. மந்தமாக, தணிந்த குரலில் பாடிய ஒரு பாட்டைக் கேட்டு மூச்சு சீராகிவிட்டால், புகழ் ராகத்துக்குப் போகிறது. இத்தாலியின் லூச்சியானோ பெர்னார்டி தலைமையில் 2006-ல் வெளியான ஆய்வு, இசைக் கலைஞர்கள் 12 பேருக்கும் இசை பயிலாத 12 பேருக்கும் இந்திய ராகம் உட்பட வெவ்வேறு பாணி இசையைக் கொடுத்து, மூச்சையும் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அளந்தது. உடம்பின் மாற்றங்கள் பாணியையோ கேட்பவரின் விருப்பத்தையோ விட வேகத்தையே அதிகம் பின்தொடர்ந்தன. நடுவில் தற்செயலான இடத்தில் விட்ட இரண்டு நிமிட மௌனத்தில் அந்த அளவுகள், இசை தொடங்குவதற்கு முன்பிருந்த நிலையைவிடவும் கீழே இறங்கின. ஆகவே அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஒருவருக்கோ, தூக்கம் வராமல் புரளும் முதியவருக்கோ பாட்டுப் போட நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் நடை எவ்வளவு மெதுவானது, ஒலி எவ்வளவு தணிந்தது, இடையிடையே மௌனம் இருக்கிறதா என்பவற்றை. அடுத்து, கேட்பவரின் காது எந்த இசையில் வளர்ந்தது என்பதை. ராகத்தின் பெயரை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.